மாற்றிப் பார்ப்பது வேறு, மாற்றிப் போடுவது வேறு: பழைய ஆர்எக்ஸ்100 இன்ஜினின் சில்லறைப் பாகங்கள்

"என்னென்ன தம்பி மாத்துன?"

"பிளக், பிளக் கேப், காயில், சிடிஐ. அப்புறம் கார்பரேட்டர் முழுசாவே புதுசுண்ணே."

"எல்லாம் ஒரே நாள்லயா?"

"ஆமாண்ணே. ஞாயித்துக்கிழமைதானே லீவு."

மெக்கானிக் அண்ணன் கிக்கரை ஒரு மிதி மிதித்து, ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டார். சத்தம் உடனே ஏறியது. இறங்கத்தான் மனமில்லை. கையை விட்ட பிறகும் இரண்டு மூன்று நொடி அப்படியே கத்திக்கொண்டு நின்று, பிறகு மெல்ல அடங்கியது. அவர் இடது பக்க மேக்னட் (மின்சாரம் உண்டாக்கும் காந்தச் சக்கரம்) மூடியை விரலால் தட்டிக் காட்டினார். "இதுக்குப் பின்னாடி ஒரு ஆயில் சீல் இருக்கு. அதைப் பாத்தியா?"

பார்க்கவில்லை. அந்த ரப்பர் வளையத்தின் விலை நூறு ரூபாய்க்குள். நான் செலவழித்திருந்தது ஆயிரக்கணக்கில். மாற்றிய ஐந்தில் ஒன்றுகூட உண்மையில் கெட்டுப்போயிருக்கவில்லை என்பது அன்று சாயங்காலம் தெரிந்தது.

அந்த வண்டி சித்தப்பாவிடமிருந்து எனக்கு வந்த 1993 மாடல் யமஹா ஆர்எக்ஸ்100. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோடு சேர்ந்து 1985 முதல் 1996 வரை இந்தியாவில் செய்து விற்ற வண்டி. நம் ஊர்ப் பக்கம் அதற்கு அறிமுகமே தேவையில்லை. 98 சிசி டூ-ஸ்ட்ரோக் இன்ஜின், 11 குதிரைத்திறன். சிலிண்டரின் உள்விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 50 மி.மீ. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இருக்கிற மாதிரி கேம், கேம் திறக்கும் வால்வு, டைமிங் செயின் எதுவும் கிடையாது. பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் (சுழலும் தண்டு) ஆகிய மூன்றும்தான் முக்கியமாக அசைபவை. இன்ஜின் வேலை பழக நினைப்பவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது. உதிரிப் பாகங்களும் இன்னும் கடைகளில் தொங்குகின்றன. அதுவே ஒரு ஆபத்தும்கூட. கிடைக்கிறதே என்று வாங்கி மாட்டிக்கொண்டே இருக்கத் தோன்றும்.

பாகம் மாற்றுவது என்று பொதுவாகச் சொல்கிறோம். அதற்குள் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. ஒன்று மாற்றிப் பார்ப்பது: நன்றாக ஓடும் என்று தெரிந்த ஒரு பாகத்தைத் தற்காலிகமாகப் போட்டு, கோளாறு போகிறதா என்று சோதிப்பது. இன்னொன்று மாற்றிப் போடுவது: கெட்டது எது என்று தெரிந்த பிறகு புதியதை நிரந்தரமாகப் பொருத்துவது. முதலாவது நோய் பார்ப்பது, இரண்டாவது மருந்து கொடுப்பது. நான் அந்த ஞாயிற்றுக்கிழமை செய்தது இரண்டிலும் சேராது. ஐந்து மாத்திரையையும் ஒரே வாயில் போட்டு விழுங்கியதுதான்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான். ஐந்தையும் மாற்றிய பிறகு வண்டி சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த முறையும் ஐந்தையும் வாங்க வேண்டும். சரியாகாவிட்டால் இன்னும் மோசம். புதிதாகப் போட்டதில் ஏதாவது ஒன்று மட்டமாக இருந்து அது தனியாக ஒரு கோளாறைச் சேர்த்திருக்கலாம். இப்போது இரண்டு கோளாறு, ஐந்து சந்தேகம். என் புதுக் கார்பரேட்டர் அப்படித்தான் இருந்தது, ஸ்லோ ஸ்பீடு நிற்காமல். பழையதைத் திரும்ப மாட்டி ஒரு சுத்தம் செய்ததும் நன்றாகவே ஓடியது.

சரி, எதிலிருந்து தொடங்குவது? கழற்ற எளிதானது, காசில்லாதது முதலில். பிளக்.

பிளக்கைக் கழற்றி, கேப்பில் செருகி, அதன் உலோக உடலை சிலிண்டர் ஹெட்டில் வைத்து அழுத்திக் கிக்கரை உதைத்தால் பொறி தெரியும். எல்லோரும் செய்வதுதான். (பிளக் ஹெட்டைத் தொடாமல் அந்தரத்தில் இருக்க உதைக்காதீர்கள், பொறியைத் தூண்டும் மின்னணுப் பெட்டியான சிடிஐ போய்விடலாம். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், பொறியை அதற்குப் பக்கத்தில் வைக்கவும் வேண்டாம்.) பொறி வந்தால் பிளக் நல்லது என்று முடிவு கட்டிவிடுகிறோம். அங்கேதான் தவறுகிறோம். வெளியே சாதாரணக் காற்றில் பொறி தாண்டுவது எளிது. சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் பல மடங்கு அமுக்கப்பட்டிருக்கும். அந்த நெருக்கத்தில் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். வெளியே அழகாக நீலப் பொறி விடும் பிளக், உள்ளே போனதும் பீங்கான் விரிசல் வழியாகக் கரண்டைக் கசியவிட்டு, பொறி தவறி மிஸ் அடிக்கலாம். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஓடும் வண்டியிலிருந்து கழற்றிய ஒரு பிளக்கைப் போட்டு ஓட்டித்தான் பார்க்க வேண்டும். மாற்றிப் பார்த்தல் என்ற முறைக்கு அவசியம் வருவது இந்த மாதிரி இடங்களில்.

கவனியுங்கள், ஓடும் வண்டியிலிருந்து கழற்றியது. கடையில் வாங்கிய புதியது சோதனைக்கு ஏற்றதல்ல. புதியது நல்லதாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. பழைய வண்டிகளின் உதிரிப் பாகச் சந்தையில் போலி அதிகம். அதனால் என்னிடம் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. அதில் ஒரு பிளக், ஒரு கேப், ஒரு சிடிஐ. மூன்றும் நூறு கிலோமீட்டராவது ஓடிக் காட்டியவை. தாளில் சுற்றி, மேலே தேதி எழுதி வைத்திருக்கிறேன். இவை சோதனைக்கு மட்டும்.

பிளக் மாற்றும்போது புதிதாகக் கற்பவர் விழும் குழிகள் இரண்டு. முதலாவது நீளம். ஆர்எக்ஸ்100-க்கு 14 மி.மீ. மரையில் குட்டைப் பிளக், அதாவது மரைப் பகுதி 12.7 மி.மீ. நீளம். அதே 14 மி.மீ. மரையில் 19 மி.மீ. நீளத்துக்கும் பிளக் உண்டு. அதுவும் இந்த ஹெட்டில் சுகமாகத் திருகி உள்ளே போகும். போய், எரிப்பறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். மேலே வரும் பிஸ்டன் அதன் மூக்கில் முட்டும். என்ஜிகே பிளக்கில் நீளத்தை ஒரு எழுத்து சொல்கிறது. 'எச்' என்றால் 12.7, 'இ' என்றால் 19.

இரண்டாவது குழி வெப்ப எண். பிளக்கின் நுனி எவ்வளவு வேகமாகச் சூட்டை ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதற்கு ஒரு எண் கொடுப்பார்கள். என்ஜிகேயில் எண் கூடக் கூடப் பிளக் 'குளிர்ச்சி': 7-ஐவிட 8 சூட்டை வேகமாக வெளியேற்றும். பாஷில் நேர்த் தலைகீழ், எண் குறையக் குறையத்தான் குளிர்ச்சி. (நம் மெக்கானிக்குகள் மைக்கோ பிளக் என்று சொல்வதும் இதைத்தான், 1951-இல் தொடங்கிய மைக்கோ, 2008-இல் பாஷ் என்று பெயர் மாறியது.) ஒரு கம்பெனியின் 7-க்குப் பதில் இன்னொரு கம்பெனியின் 7 கேட்டு வாங்குவது, ஆறாம் நம்பர் செருப்புக்குப் பதில் ஆறாம் நம்பர் சட்டை வாங்குவது மாதிரி.

பிளக் சரியாக இருந்தால் அடுத்து கேப். இதில் இலவச வைத்தியம் ஒன்று இருக்கிறது. கேப், காயிலிலிருந்து வரும் கனத்த ஒயரின் நுனியில் திருகித்தான் நிற்கிறது. முப்பது வருடத்தில் நுனிச் செம்பு பச்சை பூத்துப்போயிருக்கும். கேப்பைத் திருகிக் கழற்றி, ஒயரில் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, புதுச் செம்பு தெரியும் நுனியில் மறுபடி திருகுங்கள். பாதி மிஸ்ஸிங் இதிலேயே போய்விடும். சிடிஐயை டப்பாவில் இருப்பதைக் கொண்டும், காயிலை ஓடும் வண்டியிலிருந்து கழற்றியதைக் கொண்டும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் மின்சாரப் பக்கம் முடிந்தது.

கார்பரேட்டரில் மாற்றுவதற்கு முன் ஆக்சிலேட்டரைக் கேளுங்கள். அதுவே எந்தப் பாகம் என்று சொல்லிவிடும். திருகவே இல்லாமல் ஓடும்போதும், எட்டில் ஒரு பங்கு திருகும்வரையும் பெட்ரோல் வருவது பைலட் ஜெட் வழியாக (ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பித்தளைத் துண்டு). கால்பங்கு முதல் முக்கால்வரை நீடிலும் அது இறங்கும் நீடில் ஜெட்டும் ஆட்சி செய்கின்றன. முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். ஸ்லோவில் நிற்காமல் அணையும் வண்டிக்கு மெயின் ஜெட் மாற்றுவது, கால் வலிக்குக் கண்ணாடி போடுவதுதான். ஆக்சிலேட்டர் பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொண்டு ஓட்டிப் பார்த்தால் கோளாறு எந்தக் கோட்டில் வருகிறது என்று பிடித்துவிடலாம்.

பைலட் ஜெட்டின் துளை மிகச் சிறியது, சில தலைமுடிகள் சேர்ந்தாலே அடைத்துக்கொள்ளும். குத்தூசியால் குத்தாதீர்கள். ஜெட் பித்தளை, ஊசி எஃகு. குத்தக் குத்தத் துளை பெரிதாகும், வண்டி பெட்ரோல் குடிக்க ஆரம்பிக்கும், மேலே பொறித்த எண் பொய்யாகிவிடும். கார்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, பஞ்சர் கடைக் காற்றில் ஊதினால் போதும். எண்ணைப் பற்றி இன்னொன்று: மிக்குனியின் 100-ம் கெய்ஹினின் 100-ம் ஒரே அளவல்ல. ஒன்று பெட்ரோல் ஓட்டத்தைக் கொண்டு எண்ணிடுவது, மற்றது துளை விட்டத்தைக் கொண்டு. கார்பரேட்டர் எந்தக் குடும்பமோ ஜெட்டும் அந்தக் குடும்பத்தில்தான் எடுக்க வேண்டும்.

ஒரு இடைச்செருகல். 2023 முதல் பெட்ரோல் பங்குகளில் இ20 பெட்ரோல் வரத் தொடங்கியது, அதாவது 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. அதனால் அதே ஜெட்டில் கலவை கொஞ்சம் ஒல்லியாகிறது, பெட்ரோல் குறைந்து காற்று கூடிய மாதிரி. வெறும் பெட்ரோலில் ஒரு கிராமுக்கு 14.7 கிராம் காற்று சரியென்றால், இ20-க்கு 13.5 அளவில்தான் வேண்டும். பழைய ரப்பர் ஓ-ரிங், ஃப்ளோட் நீடிலின் ரப்பர் நுனி இவற்றையும் எத்தனால் ஊதவைக்கும். கார்பரேட்டரைத் திறக்கும்போது இந்த ரப்பர்களைக் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுங்கள். ஜெட்டை ஒரு எண் ஏற்றுவது பிளக்கின் நிறத்தைப் பார்த்துச் செய்ய வேண்டியது. நுனி பிஸ்கட் நிறத்தில் இருந்தால் விட்டுவிடலாம். வெள்ளை வெளேரென்று இருந்தால் கலவை ஒல்லி, கரி படிந்திருந்தால் கொழுப்பு.

ஆட்டுக்கல்லும் குழவியும்

இதுவரை பார்த்தவை தனிக்கட்டைப் பாகங்கள். பிளக்கோ காயிலோ கழற்றி வேறு வண்டியில் போட்டால் அங்கும் அப்படியே வேலை செய்யும். பழைய வண்டி அதற்கு எந்தத் தழும்பையும் கொடுத்திருக்காது. ஆனால் இன்ஜினுக்குள் போகப் போக ஜோடிப் பாகங்கள் வரும். உரசி உரசி ஒன்றுக்கொன்று பழகிப்போனவை அவை. ஆட்டுக்கல்லையும் குழவியையும் நினைத்துப் பாருங்கள். இருபது வருடம் அரைத்த கல்லின் குழிக்கு அதே குழவிதான் உட்காரும். பக்கத்து வீட்டுக் குழவியை இறக்கினால் சுற்றத்தான் செய்யும், மாவு திப்பிதிப்பியாக வரும்.

செயினும் ஸ்ப்ராக்கெட்டும் செட்டாக மாற்றுவது எல்லோருக்கும் தெரியும். அதே கணக்குத்தான் நீடிலுக்கும் நீடில் ஜெட்டுக்கும். ஆடி ஆடி ஜெட்டின் வட்டத் துளை முட்டை வடிவமாகியிருக்கும். புது நீடிலை மட்டும் போட்டால் அதைச் சுற்றி அதே இடைவெளி, மைலேஜ் அப்படியேதான் இருக்கும். ஜோடிப் பாகத்தை மாற்றிப் பார்க்க முடியாது. அளந்து பார்த்து, மாற்றித்தான் போட முடியும். அடுத்தவர் வண்டியின் பிஸ்டனைக் கடன் வாங்கிச் சோதிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

பிஸ்டனும் சிலிண்டரும்தான் இந்த ஜோடிகளில் பெரியது. புதிதில் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி தலைமுடியின் தடிமனில் பாதி இருக்கும், அவ்வளவுதான். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் மட்டும் புதிதாகப் போட்டால் போதுமா, போர் அடிக்க வேண்டுமா, அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க வேண்டுமா என்ற கேள்வி எப்போதும் வரும். இதற்குக் கடைக்குப் போகாமலேயே ஒரு பதில் கிடைக்கும். எனக்கு மிகவும் பிடித்த வித்தை இது.

சிலிண்டரைக் கழற்றித் துடைத்துக்கொள்ளுங்கள். ஒரு புது ரிங்கை மட்டும் எடுத்து, லேசாகச் சுருக்கி, சிலிண்டரின் அடிப்பக்கத்தில் விடுங்கள். அங்கே ரிங் உரசுவதே இல்லை, அதனால் தேய்மானமும் கிடையாது. பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து அதன் தட்டையான தலையால் ரிங்கைக் கொஞ்சம் தள்ளினால் கோணாமல் நேராக உட்காரும். ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இந்த அளவு இன்ஜினில் பொதுவாக 0.15 முதல் 0.35 மி.மீ.க்குள் வரும். இப்போது அதே ரிங்கை மேல்பக்கம், போர்ட்டுகளுக்கு (சிலிண்டர் சுவரில் உள்ள வாய்களுக்கு) மேலே, பிஸ்டன் அதிகம் உழைத்த இடத்தில் வைத்து அதே மாதிரி அளக்கவும். மேலே இடைவெளி அதிகமாக இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் சிலிண்டரின் விட்டம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வந்துவிடும். வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப்போல் 3.14 மடங்கு என்று பள்ளியில் படித்தது இங்கே உதவுகிறது. என் வண்டியில் அடியில் 0.20, மேலே 0.50. வித்தியாசம் 0.30, அதாவது ஏறக்குறைய 0.10 மி.மீ. தேய்மானம். ரிங் மட்டும் போட்டு ஏமாற்றிக்கொள்ள முடியாது. போர் அடித்தே ஆக வேண்டும்.

தேய்மானம் குறைவாக இருந்து ரிங் மட்டும் மாற்றினாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பழைய சிலிண்டரின் சுவர் கண்ணாடிபோல் வழுவழுப்பாகியிருக்கும். புது ரிங் அதில் வழுக்கிக்கொண்டே போகும், படியாது. அம்மி வழுவழுத்துப்போனால் கொத்துகிறோமே, அதேதான். ஹோனிங் என்ற பெயரில் சுவரில் மெல்லிய குறுக்குக் கோடுகள் போட்டால் எண்ணெய் அதில் தங்கும், ரிங் படியும்.

போர் அடிப்பதாக இருந்தால் பிஸ்டனை முதலில் வாங்கிவிட வேண்டும். 50 மி.மீ.க்கு அடுத்து 50.25, 50.50 என்று கால் மில்லிமீட்டர் கணக்கில் பெரிதாகும். கடையில் 25, 50 என்று கேட்டால் போதும், பிஸ்டன் தலையிலும் அந்த எண் இருக்கும். பிஸ்டனைக் கையோடு கொண்டுபோய், அதை அளந்து அதற்கேற்பப் போர் அடிக்கச் சொல்லுங்கள். பெட்டியில் போட்ட எண்ணை நம்பி அடிக்கும் லேத்துக்காரரிடம் வேலை கொடுக்காதீர்கள். திரும்பி வந்ததும் போர்ட்டுகளின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். போர் அடித்த ஓரம் பிளேடுபோல் இருந்தால் மழுக்கித் தரச் சொல்ல வேண்டும். அந்த ஓரத்தில்தான் ரிங் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கப் போகிறது.

ரிங் என்றதும் டூ-ஸ்ட்ரோக்குக்கே உரிய ஒரு நுணுக்கம் உண்டு. பிஸ்டனின் ரிங் பள்ளத்துக்குள் உற்றுப் பார்த்தால் கடுகைவிடச் சின்ன ஒரு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். ரிங்கின் இரு முனைகளும் அதைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ரிங் சுற்றிச்சுற்றி வந்து அதன் முனை போர்ட்டின் வாயில் விரிந்து மாட்டிக்கொள்ளாமல் அந்த ஊசிதான் தடுக்கிறது. முனைகள் ஊசிக்கு மேல் ஏறி உட்கார்ந்திருக்க, தெரியாமல் சிலிண்டரை இறக்கினால் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். புது ரிங் உடைந்த சத்தம் அது. எனக்குக் கேட்டுத் தெரியும். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும், ரிங்கின் முனையருகே எழுத்து இருந்தால் அது மேல்நோக்கி இருக்க வேண்டும். இந்த இரண்டையும் யாராவது கூடவே நின்று சொன்னால் நல்லது.

பெயரில்லாத சின்னவை

பிஸ்டன் பின்னை இருபுறமும் பிடித்திருக்கும் சர்க்ளிப் ஒரு வளைந்த கம்பித் துண்டுதான். கழற்றியதைத் திரும்பப் போடக் கூடாது. ஒருமுறை நெளிந்தால் அதன் பிடி தளர்ந்துவிடும். ஓட்டத்தில் அது துள்ளி வெளியே வந்தால் சிலிண்டர் சுவரில் ஒரு வாய்க்கால் வெட்டிவிடும். போடும்போது அதன் வாய் மேலேயோ கீழேயோ இருக்கட்டும், பக்கவாட்டில் வேண்டாம். இதற்கெல்லாம் முன்னால், கிராங்க் வாயில் ஒரு சுத்தமான துணியைத் திணித்துக்கொள்ளுங்கள். சர்க்ளிப் கையிலிருந்து தெறித்தால் அது போகிற இடம் எப்போதும் அந்த ஓட்டைதான்.

மேக்னட்டைக் கிராங்கில் சரியான கோணத்தில் நிறுத்துவது அரைநிலா வடிவில் ஒரு சின்ன எஃகுச் சாவி. அது தேய்ந்து ஆடினால் பொறி விழும் நேரமே மாறிவிடும். சிடிஐ, காயில் எல்லாம் மாற்றியும் கிக்கர் காலைத் திரும்ப உதைத்தால் இந்தச் சாவியை எடுத்துப் பாருங்கள். மேக்னட்டைக் கழற்றப் புல்லர் என்ற கருவி இருக்கிறது. சுத்தியல் வேண்டாம். இந்தக் கிராங்க் தனித்தனித் துண்டுகளை அழுத்திச் சேர்த்துச் செய்தது, ஓங்கி ஒரு அடி விழுந்தால் கோணிவிடும்.

அப்புறம் கேஸ்கெட். சிலிண்டருக்கு அடியில் போடும் பேக்கிங் கிடைக்காதபோது அட்டையை வைத்து, ஓரத்தில் சுத்தியலால் தட்டித்தட்டி அச்செடுத்து வெட்டுவார்கள். பார்க்கவே அழகான கைவேலை அது. அட்டையை இன்ஜின் மேல் விரித்து, குண்டுத் தலைச் சுத்தியலால் துளையின் விளிம்பைத் தட்டும்போது அட்டை தானே கத்தரித்துக்கொண்டு விழும். கல்யாணப் பத்திரிகையில் வெட்டிப் போட்டவரையும் பார்த்திருக்கிறேன். மூடிகளுக்கு அது தாங்கும். சிலிண்டருக்கு அடியில் போடும்போது மட்டும் தடிமனைப் பார்க்க வேண்டும். அரை மில்லிமீட்டருக்குப் பதில் ஒரு மில்லிமீட்டர் அட்டை போட்டால் சிலிண்டர் முழுக்க அரை மில்லிமீட்டர் மேலேறிவிடும். டூ-ஸ்ட்ரோக்கில் போர்ட்டுகளைத் திறப்பதும் மூடுவதும் பிஸ்டன்தான் என்பதால் அவை திறக்கும் நேரம் மாறும், கம்ப்ரஷனும் குறையும். பிக்கப் போனது ஏன் என்று பிறகு கார்பரேட்டரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

மூடி ஸ்க்ரூக்களைக் கழற்றும்போதும் ஒரு சங்கடம். ஜப்பான் வடிவமைப்பு என்பதால் அவற்றின் கூட்டல்குறிப் பள்ளம் சாதாரண ஸ்டார் திருப்புளிக்கு அச்சாகப் பொருந்தாது, வழுக்கித் தலை மொழுக்கென்றாகிவிடும். ஒரு தட்டு தட்டி, அழுத்தியபடியே திருப்ப வேண்டும். திரும்ப மாட்டும்போது இந்த 6 மி.மீ. போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். குட்டை ஸ்பேனரில் மணிக்கட்டு வலு மட்டும். அலுமினியத்தில் மரை போய்விட்டால் பிறகு லேத்துக்கடை வாசலில்தான் பாதி நாள்.

வேறு மாடலின் பாகம்

"அது இதுக்குச் சேரும்" என்பது பழைய வண்டி உலகில் தினமும் கேட்கும் வசனம். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ நின்றால் ஒரு மணி நேரத்தில் பத்து முறை கேட்கலாம். சில சமயம் உண்மைதான். ஆனால் போல்ட் துளை ஒத்துப்போவதை மட்டும் வைத்துப் பாகம் ஒத்துப்போகிறது என்று முடிவு செய்யக் கூடாது. மரையே ஒரு நல்ல உதாரணம். திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட்டுகளில் பிரிட்டிஷ் அளவு மரைகள் உண்டு. மெட்ரிக் போல்ட் ஒன்றை அதில் விட்டால் முதல் இரண்டு சுற்று இனிமையாகப் போகும், மூன்றாவதில் இறுகும். அங்கே பலம் காட்டினால் மரை உருவிக்கொண்டு வரும். கையால் கடைசிவரை சுற்ற முடிந்தால்தான் அது அதன் போல்ட்.

ஆர்எக்ஸ்100-காரர்களுக்குப் பெரிய ஆசை பின்னால் வந்த ஆர்எக்ஸ்135-இன் சிலிண்டரைப் போட்டுவிடுவது. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் இதிலும் 50 மி.மீ.தான், உள்விட்டம் மட்டும் 58. அதனால் 98 சிசி 132 ஆகிவிடும். இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆர்சி புத்தகத்தில் எழுதியிருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ வரலாம். விபத்தில் இன்சூரன்ஸ் கேட்கப் போகும்போதும் இது எழும். அதே அளவில் புதுப் பிஸ்டன் போட்டால் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை.

சரி, அந்த ஆயில் சீல் கதைக்கு வருகிறேன். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் அறைக்குள் போய்த்தான் மேலே ஏறும். அந்த அறை காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கிராங்க் வெளியே வரும் இடத்தில் காவலுக்கு நிற்பவை இந்த ரப்பர் சீல்கள். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயிலை உள்ளே உறிஞ்சும்; வெள்ளைப் புகை வரும், ஆயில் அளவு குறையும். மேக்னட் பக்கச் சீல் போனால் வெறும் காற்றை உறிஞ்சும். கலவை ஒல்லியாகி, ஆக்சிலேட்டரை விட்டும் சத்தம் இறங்காமல் நிற்கும். பிஸ்டன் சூடேறிக் கடைசியில் ஜாம் ஆகும். அப்படி ஜாம் ஆன வண்டிக்குப் புதுப் பிஸ்டன் போட்டுக் கொடுத்தால், சீல் அப்படியே இருந்தால், புதியதும் சில வாரத்தில் ஜாம் ஆகும். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்களே, அதுதான். உடைந்த பாகம் கையில் இருக்கும்போது அதை உடைத்தது எது என்று கேட்காமல் புதியதை மாட்டக் கூடாது.

அண்ணன் மேக்னட்டைப் புல்லர் போட்டு எடுத்தார். பின்னாலிருந்த காயில் தட்டையும் கழற்றியதும், கிராங்கைச் சுற்றிக் கறுப்பாக ஈரம், டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான 2டி ஆயில். சீலை நெம்பி எடுத்துக் கையில் கொடுத்தார். அதன் உதடு வளையாமல் காய்ந்த அப்பளம் மாதிரி இருந்தது. புதியதன் உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி, அதே விட்டமுள்ள ஒரு பைப் துண்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கினார். மேக்னட், மூடி, கிக்கர். ஆக்சிலேட்டரை விட்டதும் சத்தம் சொன்ன பேச்சுக் கேட்டு இறங்கியது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அன்று மிச்சமான பழைய பிளக்கும் கேப்பும் சிடிஐயும்தான் என் பிஸ்கட் டப்பாவின் முதல் குடிகள். போன மாதம் அக்கா மகன் தன் வண்டி மிஸ் அடிக்கிறது என்று வந்தான். இங்கே எழுதியதையெல்லாம் அவனுக்கும் பொறுமையாகச் சொன்னேன். கடைசியில் டப்பாவைத் திறந்து பிளக்கைக் கொடுத்தேன். "மாத்திப் பாத்துட்டுத் தந்துடுறேன் மாமா" என்று வாங்கிப் போனான். வண்டி இப்போது நன்றாக ஓடுகிறதாம். மாற்றிப் பார்க்க வாங்கிப் போனவன் மாற்றிப் போட்டுவிட்டான்.